மலைக்குச் சரக்கு ஏற்றும் பழைய பிக்கப்: முன்பக்க ஆட்டத்தை அலட்சியம் செய்யாதீர்



கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடியாக நாம் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டிய முதல் நமது சரக்கு வண்டி. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரத்து மளிகைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் பலர் சொந்தமாக ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறோம். ஒருவரிடம் மஹிந்திரா பிக்கப், ஒருவரிடம் டாட்டா 407, இன்னொருவரிடம் 2005-ல் விற்பனைக்கு வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்த டாட்டா ஏஸ். அரிசி, எண்ணெய், சோப்பு, பருப்பு மலைக்கு ஏறுகின்றன. புளி, கடுக்காய், சாமை, மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்குகின்றன.

சமவெளியில் பல ஆண்டு குறையில்லாமல் ஓடும் வண்டி, கல்வராயன் மலைக்கு வாரம் இரு நடை போய் வரத் தொடங்கியதும் முன்பக்கத்தில் ஆட்டம் கண்டு விடுகிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. டயர் தேய்ந்தால் டயரை மட்டும் மாற்றுகிறோம். புது டயரும் சில மாதங்களில் ஓரம் தேய்ந்து நிற்கிறது. தராசின் முள் கோணலாக இருக்கும்போது படிக்கல்லை மாற்றி என்ன பயன்? தேய்ந்த டயர் நோயல்ல, நோயின் அறிகுறி. நோய் எங்கே, அதை எந்த முறையில் தீர்ப்பது என்பதை இங்கே விளக்குகிறோம்.

மலைச் சாலை வண்டியை என்ன செய்கிறது?

கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி 1976-ல்தான் முடிவுக்கு வந்தது. சாலை வசதி பெருகியது அதன் பிறகே. இன்றும் உட்கிராமங்கள் பலவற்றுக்கு நல்ல சாலை இல்லை என்பது நமக்குத் தெரியும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்த வழக்கை விசாரித்தபோது, சாலைப் பிரச்சினையும் அதில் முக்கியமாகப் பேசப்பட்டது. சாலை சீராகும் வரை அந்தக் குழிகளுக்கெல்லாம் விலை கொடுப்பது நம் வண்டியின் முன்பக்கம்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டியிருக்கிறது. சக்கரம் ஒடிந்த நிலையில், பாரத்தோடு, குழியில் இறங்கும்போது அந்த அடி முழுவதையும் கிங் பின், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகிய சிறு உறுப்புகளே தாங்குகின்றன. இறங்கும்போது நிலைமை இன்னும் கடுமை. சரிவில், அதுவும் பிரேக் பிடிக்கும்போது, வண்டியின் பாரம் முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஆட்டம் கண்ட உறுப்பு அந்த நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் சிறிது திருப்பி விடும். சமவெளியில் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவே. மலை வளைவில் அதே இழுப்பு பள்ளத்துப் பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வண்டி எந்த வகை?

குனிந்து பார்த்தால் தெரிந்து விடும். இரண்டு முன் சக்கரங்களையும் இணைத்து ஒரே கனத்த அச்சு குறுக்கே ஓடி, அதன் மேல் இருபுறமும் கமான் பட்டை உட்கார்ந்திருந்தால் அது அச்சு வகை. டாட்டா ஏஸ் இந்த வகைதான். இதில் தேயும் இடங்கள்: கிங் பின்னும் அதன் புஷ்களும், த்ரஸ்ட் பேரிங், பட்டைக் கண்ணிலும் ஷேக்கிளிலும் உள்ள புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட், டை ராட் எண்ட், ஷாக் அப்சார்பர்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழும் தனித்தனி ‘ஆர்ம்’ இருந்தால் அது இரண்டாம் வகை. அதில் கிங் பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட், பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி இருக்கும். ஆர்ம்களின் புஷ்களும் தேயும்.

கடை வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை

இதற்கு மெக்கானிக் வர வேண்டியதில்லை. ஓட்டுநரும் ஓர் உதவி ஆளும் போதும். வண்டியைக் காலி செய்து சம தரையில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

1. டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பம் போன்ற சொரசொரப்பும் இருந்தால் ‘டோ’ எனப்படும் சக்கர நேர் தவறியிருக்கிறது. டை ராட் எண்டைச் சந்தேகியுங்கள். இடைவெளி விட்டு விட்டுக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேரிங்கையோ பாருங்கள்.

2. சக்கரங்கள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைக்கட்டும். பவர் ஸ்டீரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். மற்றவர் வண்டிக்கு முன்னே குனிந்து டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங் அசைந்தும் சக்கரம் உடனே அசையாமல் இடையில் உள்ள உருண்டை மட்டும் ஆடினால் அதை மாற்றும் நேரம் வந்து விட்டது.

3. ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். அச்சு வகையில் அச்சுக்கு அடியில் கொடுக்கலாம். ஆர்ம் வகையில் ஸ்பிரிங்கின் பாரம் எந்த ஆர்மில் விழுகிறதோ அதற்கு அடியில் கொடுத்தால்தான் பால் ஜாயின்டின் ஆட்டம் தெரியும். பிறகு சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால், பேரிங்குக்குப் பதில் கிங் பின்னை மாற்றிப் பணம் விரயமாவது தவிர்க்கப்படும்.

4. கமான் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல், துருக்கோடு, நகர்ந்த பட்டை இருக்கிறதா? வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? யூ போல்ட் தளர்ந்தால் பட்டை நடுவில் நெளியத் தொடங்கும். பிறகு சென்டர் போல்ட் அறுந்து, அச்சே ஒரு பக்கம் பின்னால் நகரும். அப்போது வண்டி நேரே ஓடாமல் நண்டு போல ஓடும்.

5. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்திருக்கிறதா, ரப்பர் புஷ் பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் மண் உள்ளே போய்ச் சீக்கிரம் தேய்ந்து விடும்.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்

இடது பக்கம் தேய்ந்தால் இடதை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். இரண்டும் ஒரே சாலையில் ஒரே கணக்கில் ஓடியவை. ஒன்று இறுகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் வண்டி இழுக்கும். பட்டையிலோ ஷாக்கிலோ ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி சமநிலையில் நிற்காது. அது மட்டுமல்ல, கிங் பின்னைக் கழற்ற டிரம், பேரிங், டை ராட் எல்லாம் கழன்றாக வேண்டும். அந்த வேலையோடு வேலையாக டை ராட் எண்டையும் பேரிங் சீலையும் பார்த்து விட்டால், கூலியும் வண்டி நிற்கும் நாளும் மிச்சம். ஒரு ஜோடி டயரின் விலைக்கு எத்தனை ஜோடி டை ராட் எண்ட் கிடைக்கும் என்று உதிரிபாகக் கடையில் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். எது சிக்கனம் என்பது அங்கேயே விளங்கி விடும்.

பட்டறையில் நின்று கவனிக்க வேண்டியவை

வேலையை மெக்கானிக் செய்யட்டும். ஆனால் முதலாளி கீழ்க்கண்டவற்றைத் தெரிந்து கொண்டு கேட்க வேண்டும்.

கிங் பின் செட்டை முழுதாக வாங்குங்கள். பழைய பின்னுக்குப் புது புஷ், புதுப் பின்னுக்குப் பழைய புஷ் என்று ஒட்டுப் போட்டால் நிலைக்காது. புஷ்ஷை அடித்து இறக்கியதும், அளவு தேவைப்படும் வகையானால் ரீமர் போட்டுப் பின்னுக்குச் சரியாக்க வேண்டும். பின் கைப்பலத்தில் திரும்ப வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அச்சின் துளையே தேய்ந்திருந்தால் புதுப் பின்னும் ஆடும். அதைக் கழற்றிய அன்றே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் கொண்டு, புதியதை அதே சுற்றுக்கு ஏற்ற வேண்டும். நட்டில் போடும் ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். துளை நேர் வராவிட்டால் நட்டை இன்னும் சிறிது இறுக்கி நேர் கொண்டு வர வேண்டும். தளர்த்தி நேர் பார்க்கக் கூடாது.

யூ போல்ட்டைக் கழற்றினால் புதியதாகவே போடுங்கள். சரக்கு ஏற்றிச் சில நடை ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் இறங்கி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து விரைவில் பிய்ந்து விடும்.

காயில் ஸ்பிரிங்கையும் டார்ஷன் பாரையும் கழற்றுவது சாலையோர வேலையல்ல. அவற்றில் அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லும். உரிய கருவி உள்ள பட்டறையில் மட்டுமே செய்ய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பியோ செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் யாரையும் படுக்க விடாதீர்கள். தேய்ந்த பால் ஜாயின்டையோ கிங் பின்னையோ வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பி எடுத்து வந்து விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதைச் செய்யாவிட்டால் புது உறுப்புகளே புது டயரைத் தின்று விடும். அதன் பின் கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும் வரை அடிக்க வேண்டும். கிங் பின்னுக்கு அச்சைத் தூக்கி வைத்து அடித்தால் த்ரஸ்ட் பேரிங்குக்கும் கிரீஸ் போய்ச் சேரும். மழையில் ஓடைத் தண்ணீரைக் கடந்து வந்த வண்டிக்குக் கெடு பார்க்காமல் மீண்டும் கிரீஸ் அடியுங்கள்.

கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் சரக்கா?

ஒரு பட்டை சேர்த்துப் போட்டால் அரை டன் அதிகம் ஏற்றலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பட்டை வளையாது என்பது உண்மை. ஆனால் அச்சு, கிங் பின், பேரிங், பிரேக் ஆகியவை பழைய பலத்திலேயே இருக்கின்றன. பட்டை வாங்க வேண்டிய அடியையும் அவையே வாங்கும். டாட்டா ஏஸ் முதலில் வந்தபோது அதன் சரக்குத் திறன் 750 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 15. உங்கள் வண்டிக்கு உள்ள அளவை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

திரும்பி வரும்போது வழியில் நிற்பவர்களை மூட்டைமேல் ஏற்றிக் கொள்ளும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. பஸ் இல்லாத ஊரில் இது உதவி என்றே எண்ணுகிறோம். ஆனால் சரக்கு வண்டியில் அப்படிப் பயணம் செய்பவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தேய்ந்த ஒரு கிங் பின்னால் ஓர் உயிர் போனால், அதற்கு ஈடு கிடையாது. நஷ்டஈடும் நம் தலையில்தான் விழும்.

பில், வரி, எஃப்.சி.

உதிரிபாகத்தை ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். போலிச் சரக்கு என்று தெரிய வந்தால் கேட்பதற்கு அந்தப் பில்தான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். முன்பு இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்தது. பயணிகள் காருக்கு உள்ள தடை சரக்கு வண்டிக்கு இல்லை. எனவே வரி விதிக்கப்படும் சரக்கை விற்கும் பதிவு பெற்ற வணிகர், உதிரிபாகத்துக்கும் ரிப்பேர் கூலிக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்கள் கணக்கரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எப்படியும் அதற்காக வண்டி நிற்கத்தான் போகிறது. அந்த நாளோடு சேர்த்து முன்பக்கத்தையும் பார்த்து விடுவது புத்திசாலித்தனம். எஃப்.சி. மாதம் தள்ளி வந்தால் ஆடி மந்தத்தில் செய்யுங்கள். ஐப்பசி மழைக்கும் தீபாவளி வியாபாரத்துக்கும் முன்னால் வண்டி தயாராகி விடும்.

மாதம் ஒரு முறை, கடை விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி மேற்சொன்ன ஐந்து சோதனைகளையும் செய்து, கண்டதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வண்டி ஓட்டும் தம்பி “ஸ்டீரிங் நடுங்குகிறது அண்ணாச்சி” என்று சொன்னால், “இந்த நடை போய் வா, பார்க்கலாம்” என்று சொல்லாமல் அன்றே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றும் உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறோம்.