வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு: காரணமும் பரிகாரமும்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மும்பை நகரில் செம்பூரை அடுத்த கோவண்டியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மலக்கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய இறக்கப்பட்ட தொழிலாளர் மூவர் இறந்தனர். இத்தகைய அபாயகரமான பணியில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடை செய்த சட்டம் 2013-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. இறந்தோரின் மனைவியருக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. தொட்டியாயினும் தெருவின் கீழுள்ள பெருங்குழாயாயினும், அங்கே சென்று சேர்வது நம் வீடுகளிலிருந்து வெளியேறும் நீரும் அதனுடன் கலந்த பொருள்களுமே. ஆகையால் குழாய் அடைபடுவது எதனால், அதை எந்த இடத்தில் தடுக்கலாம் என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பது களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமையாகின்றது.

பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலுள்ள குழாய் நேராகச் செல்லாமல் வளைந்து கீழிறங்கி, மீண்டும் சிறிது மேலேறிச் செல்வதைக் காணலாம். அவ்வளைவில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும். அந்நீரே சாக்கடையின் துர்வாயு வீட்டினுள் புகாதபடி தடுக்கும் கதவு. இவ்வமைப்பை மலக்கோப்பையுடன் இணைத்து 1775-இல் உரிமை பெற்றவர் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர். மும்பையில் குளியலறைத் தரையில் பதிக்கப்படும் இத்தகைய வளைவுக்கு ‘நஹானி டிராப்’ என்று பெயர்; ‘நஹானி’ என்பது குளிக்குமிடத்தைக் குறிக்கும் மராட்டிச் சொல்லிலிருந்து வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வளைத்து, வளைவில் நீர் ஊற்றி, ஊதுவத்திப் புகையை ஒரு முனையில் மெல்ல ஊதினால் அது மறுமுனைக்கு வாராது. நீரைக் கொட்டிவிட்டு ஊதினால் உடனே வரும். ஆசிரியர்கள் வகுப்பில் இதை எளிதாகச் செய்து காட்டலாம். பல வாரங்கள் உபயோகிக்கப்படாத குளியலறையில் நாற்றம் எழுவதற்கும் இதுவே காரணம்: அடைப்பு அன்று, வளைவிலிருந்த நீர் வற்றிவிட்டது. ஒரு குவளை நீர் ஊற்றினால் போதுமானது.

வாயுவைத் தடுக்கும் இவ்வளைவே அடைப்பு முதலில் தோன்றும் இடமும் ஆகும். நீரின் வேகம் அங்கே குறைவதால், கனமான துகள்கள் அடியில் தங்குகின்றன. இனி அத்துகள்கள் யாவை என்று பார்ப்போம். நம்மவர் சமையலறையிலிருந்து வெளியேறுவன அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, மாவரைத்த பாத்திரம் கழுவிய நீர், புளிச்சக்கை, தேங்காய் நார், தாளித்த எண்ணெய் ஆகியவை. மாவுப் பொருள் தனியே சென்றால் பெரும்பாலும் கரைந்து போகும். எண்ணெயுடன் சேரும்போதுதான் தொல்லை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்ஷியஸில் உறைவது; மார்கழி, தை மாதங்களில் மும்பையிலும் அது புட்டியில் கட்டியாகிவிடுவதை யாவரும் அறிவர். நெய்யும் வனஸ்பதியும் அதனினும் எளிதில் உறைபவை. அடுப்பின் சூட்டில் திரவமாக ஓடிய எண்ணெய், குளிர்ந்த குழாயின் உட்புறத்தில் மெழுகுபோல் படிகின்றது. மாவும் தலைமயிரும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நாளடைவில் குழாயின் துவாரம் விரற்கடையாகச் சுருங்கும். பின்னர் ஒரு ஷாம்பூ உறையே அதை முற்றிலும் மூடப் போதும்.

தெருக்குழாயில் இவ்விளைவு பன்மடங்காகப் பெருகும். அங்கே கொழுப்பு அமிலங்கள் கால்ஸியத்துடன் சேர்ந்து கெட்டியான சோப்புக் கட்டியாக மாறுகின்றன. லண்டன் நகரில் ஒயிட்சாப்பல் பகுதியில் 2017-இல் கண்டெடுத்த இத்தகைய கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் கொண்டிருந்தது. செல்வ நகரமாயினும் எண்ணெய் எண்ணெய்தான்.

மும்பையில் இப்பிரச்சினைக்குச் சில தனித் தன்மைகள் உண்டு. பழைய ‘சால்’ கட்டடங்களில் ஒவ்வோர் அறையின் மூலையிலும் ‘மோரி’ எனப்படும் சிறு கழுவுமிடம் இருக்கும். குளிப்பதும், துவைப்பதும், பாத்திரம் துலக்குவதும் அங்கேயே. பல மாடிகளின் மோரிகள் ஒரே செங்குத்துக் குழாயில் இணைவதால், மேல் மாடியார் ஊற்றிய எண்ணெய் கீழ் மாடியாரின் மோரியில் சாக்கடையாகப் பொங்கும். குற்றம் செய்தவர் ஒருவர், நாற்றம் நுகர்பவர் மற்றொருவர். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அதிகாரிகள் சாக்கடைகளில் கார்பாலிக் அமிலமும் கடல் நீரும் ஊற்றிக் கழுவினர். நோயைப் பரப்பியது எலியின் தெள்ளுப்பூச்சி என்பது பின்னரே அறியப்பட்டது; எனினும் நெருக்கடியும் அசுத்தமும் பற்றி எழுந்த கவலையால் 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் தமிழர் பெருமளவில் குடியேறிய மாட்டுங்கா, அந்த டிரஸ்டின் திட்டங்களில் உருவான பகுதியே. தாராவியிலோ நிலைமை வேறு. அங்குப் பல சந்துகளில் வீட்டு நீர் வாசலோரத் திறந்த கால்வாயில் விழுகின்றது. நகரெங்கும் விற்பனைக்குச் செல்லும் இட்லிகளை ஆக்கும் வீடுகளின் மாவு நீரும் இவ்வாறே வெளியேறுகின்றது. போதிய சரிவு இல்லாத கால்வாயில் மாவு படிந்து புளித்துக் கெட்டியாகின்றது. நீர் விநியோகம் சில மணி நேரமே இருப்பதால், குழாயை அடித்துச் செல்லும் வேகத்துடன் நீர் ஓடுவதும் அரிது.

தடுக்கும் முறை எளியது, செலவும் அற்பம். கழுவுமுன் பாத்திரத்திலுள்ள எண்ணெயைப் பழைய காகிதத்தால் துடைத்துக் குப்பையில் இடுதல் வேண்டும். துவாரத்தின் மேல் சிறு சல்லடை வைத்து, அதில் சேர்வதை நாள்தோறும் அகற்ற வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு வாளி நீரைச் சலவைச் சோடா கலந்து, கை பொறுக்கும் சூட்டில், ஒரே மூச்சில் கொட்டுதல் நலம். சிறுகச் சிறுக ஊற்றினால் பயனில்லை. கொதிக்கும் நீர் வேண்டா: பிவிஸி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகி, இணைப்புகள் தளரும்.

அடைப்பு ஏற்பட்டபின் முதலில் அறிய வேண்டியது, அது எங்கே உள்ளது என்பது. ஒரு தொட்டியில் மட்டும் நீர் தேங்கினால் குறை அதன் வளைவில் உள்ளது. எல்லாத் துவாரங்களிலும் ஒருசேரத் தேங்கினால் குறை வெளியே. வளைவில் உள்ள அடைப்புக்கு ரப்பர்க் கிண்ணமே சிறந்த கருவி. கிண்ணம் மூழ்குமளவு நீர் நிரப்பி, தொட்டியில் வேறு துவாரம் இருப்பின் ஈரத்துணியால் அடைத்து, பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுக்க வேண்டும். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. ஆகவே நீர் நிரம்பியிருந்தால்தான் கையின் விசை அடைப்பைச் சென்றடையும். பலர் வெறும் தொட்டியில் முயன்று கைவிடுவதன் காரணம் இதுவே. அதற்கும் இணங்காவிடில், கீழே வாளி வைத்து வளைவின் மறையைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

காஸ்டிக் சோடாவைத் தாராளமாகக் கொட்டும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அது நீருடன் சேர்ந்து கடும் வெப்பத்தை உண்டாக்கித் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் என்ற நச்சு வாயு வெளிப்படும். சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் எழும் நுரை கண்ணுக்கு விருந்தேயன்றி, திறந்த குழாயில் அதற்கு வலு இல்லை. ரசாயனம் ஊற்றியதை மறைத்துவிட்டுத் தொழிலாளரை அழைப்பது பெருங்கொடுமை. அவர் கையை விடுவது அந்த நீரில்தான்.

வெளியே உள்ள குறை எல்லாம் அடைப்பு அன்று. மும்பையின் மழைநீர் வடிகால் வாய்களில் பெரும்பாலானவை கடலேற்ற மட்டத்திற்குக் கீழே உள்ளன. பெருமழையும் கடலேற்றமும் ஒன்றுகூடினால் நீர் வடிய வழியின்றித் திரும்பும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த 2005 ஜூலை 26 இதற்குப் பெரும் உதாரணம். அவ்வேளையில் குழாயைக் குத்துவதால் பயனில்லை; கடல் இறங்கும் வரை காத்திருத்தலே வழி.

மெய்யாகவே தெருக்குழாய் அடைபட்டிருப்பின் மாநகராட்சிக்கு 1916 என்ற எண்ணில் அறிவிக்க வேண்டும். நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் இயந்திரங்கள் உள்ளன. வாகனம் நுழையாத சந்துகளில் மூங்கில் பிளாச்சையோ கம்பிச்சுருளையோ மேலிருந்தே செலுத்தலாம். குழியில் ஹைட்ரஜன் ஸல்பைடு தங்கியிருக்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் தரும் இவ்வாயு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டியதும் மோப்ப உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். எனவே நாற்றம் நின்றது என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்வது தவறு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆகாது. மீத்தேன் இருப்பின் வெடிக்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கியவர் அடுத்து மயங்குவது இவ்விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சியை மட்டுமன்றி வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும்: பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ மலக்கழிவுத் தொட்டியிலோ இறக்குபவருக்கு முதல் குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறங்குபவர் கூலிக்குத் தாமாகவே சம்மதித்தார் என்று கூறி இப்பொறுப்பிலிருந்து தப்ப இயலாது.