35-க்கு ஏழு குறைவு!

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு முடிந்து மணி அடித்த பிறகு, ஆம்பூரில் ஏதேனும் ஒரு தேர்வு மையத்தின் வாசலில் போய் நின்று பாருங்கள். மற்ற நாட்களில் கூச்சலும் கும்மாளமுமாக ஓடிவரும் பிள்ளைகள் அன்று ஓடுவதில்லை. மதில் ஓரத்திலே, சைக்கிள் நிறுத்துமிடத்திலே, மரத்தடியிலே கூட்டம் கூட்டமாகக் குந்துகிறார்கள். வினாத்தாள் மடிமீது விரிகிறது. "ஆறாவதுக்கு இன்னா போட்ட?" "ரெண்டாவது." "நான் மூணாவது போட்டனே!" அவ்வளவுதான், ஒரு முகம் மலர்கிறது, இன்னொரு முகம் வாடுகிறது. தமிழில் எழுதிய பிள்ளையும் உருதுவில் எழுதிய பிள்ளையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எழுதிய மொழி வேறு, வந்த எண் ஒன்று என்றால் இருவருக்கும் ஒரே களிப்பு!

அந்தக் கூட்டத்துக்கு நீதிபதி யார்? டியூஷனுக்குப் போன பிள்ளை. அவன் சொல்வதே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. அவன் விடை தவறாகவே இருந்தாலும், அதற்கு மாறாக எழுதியவன்தான் கலங்குவான். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றால், அப்பா டேனரியிலே தோல் புரட்டுகிறவர், அம்மா ஷூ கம்பெனியிலே மேல்தோல் தைக்கிறவள். அவர்களுக்கு அறிவில்லையா? நாளுக்கு எத்தனை ஜோடி, ஜோடிக்கு எவ்வளவு, பிடித்தம் போக மிச்சம் என்ன என்பதை அந்தத் தாய் விரல் நுனியிலே சொல்வாள். தோல் பதனிடும் டிரம் என்பது என்ன? பாடப்புத்தகத்து உருளைதான்! குறுக்களவு 2 மீட்டர், நீளம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 6 கன மீட்டருக்கு மேல். அதில் எதுவரை தண்ணீர், எத்தனை தோல் என்று தகப்பனுக்குத் தெரியும். ஆனால் அவர் அறிந்த கணக்குக்கு மதிப்பெண் போட நாட்டில் யாரும் இல்லை.

விடை ஒப்பிட்டு முடிந்ததும் அடுத்த கணக்கு தொடங்குகிறது. அதுதான் நெஞ்சை உலுக்கும் கணக்கு. வினாத்தாளின் அமைப்பு ஊரறிந்தது: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினாவில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் வினாவிலும் 10, பிறகு வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக மொத்தம் 100. தேற 35. பின்தங்கிய பிள்ளைக்கு ஆசிரியர் ஆண்டு முழுதும் சொல்லிக்கொடுப்பது என்ன? "வடிவியலும் வரைபடமும் போட்டுப் போட்டுப் பழகு, 16 கையில். ஒரு மதிப்பெண்ணைப் புத்தகத்துப் பயிற்சியிலிருந்து மனப்பாடம் செய், பத்தாவது வரும். மீதி ஒன்பதை எப்படியாவது தேற்றிக்கொள்." ஏழையின் குடும்ப வரவுசெலவு போன்ற திட்டம் இது! ஒரு மதிப்பெண் வினாக்களைச் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டாலோ திட்டம் தவிடுபொடி. ஒரு மதிப்பெண்ணில் எட்டு, இரண்டு படங்களுக்குப் பதினாறு, இரண்டு மதிப்பெண் வினா இரண்டு சரியென்றால் நான்கு. ஆக 28. ஏழு குறைகிறது. மூன்று முறை கூட்டினாலும் ஏழு குறைகிறது.

உடனே நாம் என்ன சொல்கிறோம்? "பிள்ளைக்குத் தலையிலே ஏறவில்லை!" அப்படியா? இதோ ஒரு கணக்கு. கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியோர் தமிழகத்தில் 2023-இல் 3,649 பேர். 2024-இல் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். ஒவ்வோராண்டும் எழுதியவர்கள் ஏறத்தாழ 9 லட்சம்தான். ஓராண்டிலே ஐந்து மடங்குக்கு மேல் ஏறி, மறு ஆண்டிலே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்றே, இடையிலே தமிழ்ப் பிள்ளைகளின் மூளை வளர்ந்து தேய்ந்ததா? இல்லை ஐயா, பெரும்பாலும் மாறியது வினாத்தாள்! நூறு வாங்கத் தவறியவன் 96-உடன் மேல்வகுப்புக்குப் போகிறான். அதே கடுமை 28-இல் நிற்பவன்மேல் விழும்போது?

விழும் இடமும் நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 2023-இல் மாநிலத்தின் கடைசி மாவட்டம் இராணிப்பேட்டை, நூற்றுக்கு 83.54. 2024-இல் கடைசி வேலூர், 82.07. அவ்வாண்டு மாநிலம் முழுவதற்கும் 91.55. 2025-இல் மறுபடியும் வேலூரே கடைசி. இவை வெவ்வேறு ஊர்களா? 2019-இல் பிரிக்கும்வரை ஆம்பூர், வாணியம்பாடியோடு சேர்ந்து ஒரே மாவட்டம்! உலகத்தின் கால்களுக்குச் செருப்புத் தைத்தனுப்பும் வட்டாரம் கல்விப் பட்டியலில் கடைசிப் படியில் நிற்கிறது.

1953-இல் அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்றொரு திட்டம் வந்தது. நாடு கொதித்தது, 1954-இல் அது ஒழிந்தது. அன்று முன் வாசலால் விரட்டப்பட்டது இன்று "ஏழு குறைகிறது" என்ற கணக்காகப் பின் வாசலால் நுழைகிறதே, அதைக் கேட்பார் யார்? தோற்ற பையன் டேனரிக்கு, தோற்ற பெண் ஷூ கம்பெனி வண்டிக்கு. தொழில் இழிவல்ல, ஒருபோதும் அல்ல. வேறு வழி அடைக்கப்பட்டதால் அங்கே போவதுதான் கொடுமை.

மத்திய வாரியம் 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக்கு இரண்டு வகைக் கணக்குத்தாள் வைத்தது, எளியது ஒன்று, கடியது ஒன்று. அதையே இங்கும் கேட்போர் உண்டு. நாம் கேட்கமாட்டோம். எளிய தாள் யார் பிள்ளை கையில் திணிக்கப்படும் என்பது தெரியாதா நமக்கு? ஆனால் அந்த வாரியத்திலும் கேரளத்திலும் கணக்கில் 20 மதிப்பெண் பள்ளியிலேயே தரப்படுகிறது. இங்கே அறிவியலுக்கு 25 செய்முறைக்கு உண்டு. இந்த மூன்று ஆண்டுகளிலும் கணக்குக்கோ நூறும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளேதான். பள்ளி தரும் மதிப்பெண்ணில் முறைகேடு நுழையலாம், மறுக்கவில்லை. கண்காணிக்கட்டும். வினாத்தாள் ஒராண்டு பஞ்சாகவும் மறு ஆண்டு பாறையாகவும் இருப்பதையும் கண்காணிக்கட்டும்!

அதுவரை ஆசிரியர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஒப்பிடுவது கடைசி விடையை மட்டும். திருத்துகிறவரோ வழிமுறையின் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் போடுகிறார். விடை தப்பிய ஐந்து மதிப்பெண் வினாவிலும் இரண்டோ மூன்றோ கிடைக்கக்கூடும். 28 என்று அழுகிற பிள்ளை உண்மையில் 36-இல் இருக்கலாம். இதை அந்த வாசலிலேயே, அன்றைக்கே, ஓர் ஆசிரியர் நின்று சொல்லட்டும். உண்மையிலேயே தவறியவர்களுக்கு முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதற்கான விண்ணப்பத்துடன் தலைமையாசிரியர் அந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும், கம்பெனி வண்டி தெருமுனைக்கு வருவதற்கு முன்னால்.