சாரைக்கு ஒரு மூலை

ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பா கதிர் கட்டும் நேரத்தில் எலிக்குக் கிட்டி வைப்பவருக்குக் கிராக்கி அதிகம். அந்தியில் வரப்போரம் ஊன்றிய மூங்கில் கிட்டிகளில் விடியலில் எலி சிக்கியிருக்கும். "முன்னெல்லாம் பாதி வேலையச் சாரை பாத்துடும் தம்பி. இப்ப எல்லாம் நம்ம தலையிலதான்" என்றார் கிட்டி கட்டும் பெரியவர் ஒருவர்.

அழிந்துவரும் பாம்புகளை விலங்குக் காட்சிசாலைகளில் வைத்துப் பெருக்குவதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெரியவரின் சாரை குறுக்கே புகுந்துவிட்டது.

பெருக்குவதில் நம்மவர்கள் சளைத்தவர்கள் அல்லர். கிண்டி பாம்புப் பண்ணையில் மலைப்பாம்பு குஞ்சு பொரித்திருக்கிறது. சருகைக் கூட்டிக் கூடு கட்டும் ஒரே பாம்பான ராஜநாகம், மங்களூரு பிலிகுளா பூங்காவில் பொரித்தது. வெப்பமும் ஈரமும் அளவாக இருந்தால் முட்டை ஏமாற்றாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். சென்னைக்குத் தெற்கே 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் சதுப்பு முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. கொண்டுபோய் விடத்தான் ஆறும் ஏரியும் போதவில்லை.

கரீபியக் கடலின் ஆன்டிகுவா கதை இன்னும் விசித்திரம். அங்கே ஒரு குட்டித் தீவில் 1995-இல் 'ரேசர்' எனும் பாம்பு ஏறத்தாழ ஐம்பதுதான் மிச்சம். வில்லன், கப்பலேறி வந்த எலி. சில பாம்புகளை ஜெர்சி விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். நோய் தாக்கி முயற்சி நீடிக்கவில்லை. எலிகளை ஒழித்து, பக்கத்துத் தீவுகளிலும் பாம்பைக் குடியேற்றினார்கள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அங்கே எலியால் பாம்பு போனது; இங்கே பாம்பு குறைந்தால் எலி கொழுக்கும்.

கடைசிச் சில உயிர்களே மிஞ்சும்போது கூண்டுதான் காப்பீடு என்கிறார்கள் வல்லுநர்கள். சரிதான். ஆனால் சாரை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லையே! விஷமில்லாத அது பகலில் நடமாடுவதால் எளிதில் அடிபடுகிறது. இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதை 'நாகமும் சாரையும் பிணையுது' என்று ஊரே வேடிக்கை பார்க்கும். தனியாகச் சிக்கினால் அதே ஊர் கம்பைத் தூக்கும். கொல்வது சட்டப்படி குற்றம் என்பது வயலில் யாருக்கும் நினைவு வருவதில்லை. வாய்க்கால் கரைக்குச் சிமென்ட் பூசுகிறோம். வரப்பை ஒரு சாண் ஆக்கி, அந்த இடத்திலும் நாற்று நடுகிறோம். பொந்து எங்கே மிஞ்சும்? மருந்து தின்ற எலியை விழுங்கும் பாம்புக்கும் அந்த மருந்துதானே?

காட்சிசாலை நாளைக்கே நூறு சாரைக்குஞ்சைத் தந்தாலும், விட ஒரு வரப்பு வேண்டும்.

கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன், வயலின் தென்மூலையில் மட்டும் ஏன் கிட்டி இல்லை என்று. பனையடியில் கொத்தாமல் விட்டிருந்த மேட்டைக் காட்டினார்.

"அங்க ஒண்ணு கெடக்கு. அது வயித்துக்கும் எலி வேணாமா?"