விக்கிப்பீடியாவில் நம் தோட்டங்களுக்கு இடம் உண்டா?

விக்கிப்பீடியா கட்டுரைகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன, மாறுகின்றன என்பதே இவ்வாரக் கலந்துரையாடலின் தலைப்பு. சித்தியவானில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கும் பதில் உண்டு.

முதலில் ஓர் ஒப்பீடு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. முதல் தொகுதி வந்தது 1954இல். பத்தாவது தொகுதி 1968இல். அச்சேறிய பிறகு ஓர் எழுத்தை மாற்றவும் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன், அபுதாபியில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் முன்னின்று எழுதினார். பிறகு பலர் சேர்ந்தனர். 2017 மே மாதம் கட்டுரைகள் ஒரு லட்சத்தை எட்டின. எழுதியவர்கள் தன்னார்வலர்கள்.

இந்த வேகம் எப்படி வந்தது? 'தொகு' என்பதை அழுத்தி யாரும் எழுதலாம். ஒருவர் மூன்று வரியில் குறுங்கட்டுரை தொடங்குவார். இன்னொருவர் படம் சேர்ப்பார், மற்றொருவர் எழுத்துப் பிழை திருத்துவார். ஒவ்வொரு மாற்றமும் நாள், நேரத்துடன் பதிவாகும். தவறென்றால் பழைய நிலைக்கே திருப்பிவிடலாம்.

2014 மார்ச் 8ஆம் தேதி எம்எச்370 விமானம் காணாமல் போனது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அன்றே கட்டுரை எழுந்தது. தேடல் தென்சீனக் கடலிலிருந்து மலாக்கா நீரிணைக்கும், பின்னர் இந்தியப் பெருங்கடலுக்கும் மாற, கட்டுரையும் மாறிக்கொண்டே வந்தது.

எல்லாப் பக்கங்களுக்கும் இந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், 2005இல் நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. பலர் பார்க்கும் பக்கத்தில் பிழை சீக்கிரம் மறையும். யாரும் பார்க்காத பக்கத்தில் மாதக்கணக்கில் தங்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1903இல் சீனாவின் பூச்சௌ வட்டாரத்திலிருந்து மெதடிஸ்ட் கிறிஸ்துவர்கள் சித்தியவானில் வந்து குடியேறினார்கள். அந்தக் கதையை எழுத ஆதாரங்கள் உண்டு. கம்போங் கோ பகுதியில் அருங்காட்சியகமே இருக்கிறது. இதே வட்டாரத்தில் பால்மரம் சீவிய நம்மவர் கதைக்கு என்ன இருக்கிறது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகள் வந்தன, லயங்கள் மறைந்தன. தோட்டப் பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, கோயில் எங்கே இருந்தது என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

'பாட்டி சொன்னார்' என்பதை விக்கிப்பீடியா ஏற்காது. வெளியான ஆதாரம் கேட்கும். ஆகவே பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், பழைய பத்திரிகை நறுக்கு எதையும் வீசிவிடாதீர்கள். பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து, ஆண்டும் பெயரும் சரிபார்த்து, அடுத்த மலரிலாவது அச்சேற்றுங்கள். பிறகு பிள்ளைகளை உட்கார வைத்து, அந்த மலரை ஆதாரமாகக் காட்டிச் சொந்த நடையில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

மலேசிய ஊர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏராளமாக எழுதியவர் மூத்த எழுத்தாளர் மலாக்கா முத்துக்கிருஷ்ணன். ஒருவர் மனம் வைத்தாலே இவ்வளவு முடிகிறது. தோட்டத்துக்கு ஒருவர் முன்வந்தால் எவ்வளவு முடியும்! நம் தோட்டங்களை அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுவோம். அவர்கள் போன பிறகு, பக்கம் காலியாக இருக்கும். கேட்கவும் ஆள் இருக்காது.