கறுப்புத் திரையின் கடைசி வரி

"கெர்னல் பேனிக் – நாட் சிங்க்கிங்: வி.எஃப்.எஸ்.: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்.எஸ். ஆன் அன்னோன்-பிளாக்(0,0)."

லினக்ஸ் கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்து பார்த்தவர்களில் இந்த வரியைச் சந்திக்காதவர்கள் குறைவு. கறுப்புத் திரையில் இது தோன்றியதும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். பலர் அதைப் பாதிகூடப் படிப்பதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அமைப்புகள் மாறாதவரை விடிய விடியக் கம்பைல் செய்தாலும் இதே வரிதான் வரும். எதைத் தேடினேன், எது கிடைக்கவில்லை என்று கெர்னல் அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட சிறிய நிரல்தான் லினக்ஸ் கெர்னல். இன்று அதன் மூலநிரல் சுமார் 4 கோடி வரிகள். அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது வெவ்வேறு வன்பொருள்களோடு பேசத் தெரிந்த நிரல்கள். கம்பைல் செய்யும்போது ஒவ்வொரு டிரைவருக்கும் நாம் ஒரு முடிவு சொல்ல வேண்டும்: கெர்னலுக்குள்ளேயே சேர்க்கவா, தனி மாட்யூலாக வைக்கவா, விட்டுவிடவா? உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களைத் தயாரிப்பவர்களுக்குத் தங்கள் கெர்னல் யார் வீட்டு எந்தக் கம்ப்யூட்டரில் ஓடப்போகிறது என்று தெரியாது. அதனால் பெரும்பாலானவற்றை மாட்யூலாக வைத்துவிடுகிறார்கள். தேவைப்படும்போது வட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

சிக்கல் பிறக்கும் இடமும் இதுதான். மாட்யூல்கள் இருப்பது வட்டில். வட்டைப் படிக்க அதற்குரிய டிரைவர் வேண்டும். அதிலுள்ள கோப்பு முறைமையைப் புரிந்துகொள்ள எக்ஸ்ட்4 போன்ற இன்னொரு நிரல் வேண்டும். இவையும் மாட்யூல்களாக அந்த வட்டிலேயே இருந்தால்? பீரோவுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

இதற்கான ஏற்பாடுதான் இனிட்ராம்எஃப்எஸ். அவசியமான மாட்யூல்களையும் சில சிறு நிரல்களையும் ஒரே கோப்பாகச் சுருக்கி வைப்பார்கள். கிரப் என்ற பூட்லோடர், கெர்னலோடு சேர்த்து இந்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றிவிடும். கெர்னல் அதை நினைவகத்திலேயே விரித்து, வேண்டிய டிரைவரை எடுத்துக்கொண்டு உண்மையான வட்டைத் திறக்கும். பிறகுதான் சிஸ்டம்டி போன்ற முதல் நிரலிடம் பொறுப்பு போகும்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருவோம். மேற்கொண்டு இயங்க முடியாமல் கெர்னல் நின்றுவிடுவதுதான் பேனிக். "நாட் சிங்க்கிங்" என்பதைக் கண்டு மிரள வேண்டாம். எழுதக் காத்திருக்கும் தரவை வட்டில் எழுதப் போவதில்லை என்கிறது. தன் நிலைமையையே நம்ப முடியாத கெர்னல், வட்டில் கைவைத்து அதையும் கெடுக்காமல் நின்றுகொள்கிறது. துப்பு இருப்பது அடைப்புக்குறிக்குள். அந்த இரண்டு எண்களில் முதலாவது, சாதனத்தின் வகை. 8 என்றால் சாட்டா, யுஎஸ்பி போன்ற வட்டுகள். என்விஎம்இ வட்டுகளில் 259 வரும். (8,1) என்று காட்டிவிட்டு நின்றிருந்தால் வட்டு கண்ணில் பட்டுவிட்டது, அதிலுள்ள கோப்பு முறைமையைத்தான் படிக்க முடியவில்லை என்று பொருள். எக்ஸ்ட்4ஐச் சேர்த்தோமா என்று பாருங்கள். (0,0) என்றால் வட்டையே அடையாளம் காணவில்லை. இதற்குச் சற்று மேலே, தன் கண்ணில் பட்ட பார்டிஷன்களின் பட்டியலையும் கெர்னல் எழுதியிருக்கும். பட்டியல் காலியாக இருந்தால் வட்டின் டிரைவர் இல்லை.

ஆனால் (0,0) எப்போதும் டிரைவர் குறையல்ல. என் கணிப்பில், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகாமலே போனதுதான் இதற்கு அடிக்கடி காரணமாகிறது. பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்கள் வட்டின் முகவரியை யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண்ணாகக் கிரப்பில் எழுதிவைக்கின்றன. கோப்பு முறைமையின் அந்த எண்ணைப் பார்த்து வட்டைத் தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள நிரல்கள். கெர்னலுக்கு அது தெரியாது. எனவே அந்தக் கோப்பு இல்லாவிட்டால், எல்லா டிரைவர்களையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்திருந்தாலும் (0,0)தான். பார்டிஷனுக்கு உரிய பார்ட்யுயுஐடி எண்ணைக் கொடுத்தால் கெர்னலுக்கே புரியும். உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட் என்ற கட்டளைகளால் விடுபட்ட கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம்.

கோப்பு ஏன் உருவாகாமல் போகிறது? பல நேரங்களில் பூட் பார்டிஷனில் இடம் இல்லாததால். பிழைதிருத்தத் தகவல்களோடு மாட்யூல்களை நிறுவினால் அவை ஊதிப் பெருத்து, இனிட்ராம்எஃப்எஸ் பல நூறு எம்பி அளவுக்குப் போய்விடும். நிறுவும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தச் சுமை கழிந்துவிடும்.

எந்த வரியும் வராமல் திரை வெறுமனே கறுப்பாக நின்றால்? முதலில் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'குவயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரு சொற்களையும் நீக்குங்கள். அழகுக்காகச் செய்திகளை மறைத்து வைக்கும் சொற்கள் அவை. அப்போதும் கறுப்பு என்றால் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது. திரைக்கான டிரைவரை விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். லேப்டாப்பில் அந்த விளக்கு தானாகவே சிமிட்டிக்கொண்டிருந்தால் அது பேனிக்கின் அறிகுறி. கிரப்பே "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று மறுத்தால் கெர்னல் தொடங்கவே இல்லை: செக்யூர் பூட் கையொப்பம் கேட்கிறது. கெர்னலுக்குச் சொந்தச் சாவியால் கையொப்பம் இட்டு அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும், அல்லது செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும்.

அமைப்புகளைக் கையால் தேர்ந்தெடுக்க அஞ்சுபவர்களுக்கு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற குறுக்குவழி இருக்கிறது. இந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கழித்துவிடும். கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த நேரத்தில் செருகப்படாத பென்டிரைவும் பிரிண்டரும் புதிய கெர்னலுக்கு அந்நியமாகிவிடலாம்.

அமைப்புகளெல்லாம் சரி, போன பதிப்பு பூட் ஆனது, புதிய பதிப்பு ஆகவில்லை என்றால் குற்றம் மூலநிரலிலேயே இருக்கக்கூடும். இரண்டு பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. மாற்றங்களைப் பதிந்துவைக்க டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் மென்பொருளில் 'பைசெக்ட்' என்ற வசதி உண்டு. நடுவிலுள்ள ஒரு மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். அதுவரையான நிரலைக் கம்பைல் செய்து பூட் ஆகிறதா என்று சொன்னால், பாதியைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவுக்குப் போகும். 16,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 சோதனைகளில் குற்றவாளி பிடிபடும். சலிப்பான வேலைதான். ஆனால் அந்த நிரலை எழுதியவருக்கு இதைவிடப் பயனுள்ள புகாரை யாரும் அனுப்ப முடியாது.

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து, பேனிக் செய்தியைக் க்யூஆர் குறியீடாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. செல்போனால் படமெடுத்தால் பதிவின் கடைசிப் பகுதி கைக்கு வந்துவிடும். கம்பைல் செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், திரையின் டிரைவரும் பேனிக் வருவதற்குள் ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன்பே விழுந்துவிடும் கெர்னலுக்கு இது உதவாது.

முதல்முறையாகக் கம்பைல் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமைப்புகளில் 'லோக்கல்வெர்ஷன்' என்ற இடத்தில் உங்கள் கெர்னலுக்கு ஒரு தனிப் பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் பதிப்பு எண் ஒன்றாக இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கெர்னலின் மாட்யூல்கள்மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். பெயர் வேறாக இருந்தால் கிரப் பட்டியலில் பழையதும் புதியதும் தனித்தனியே நிற்கும். புதியது சில நாட்களாவது ஒழுங்காக ஓடும்வரை பழையதை நீக்காதீர்கள்.