காய்ச்சல் மருந்து 3 எம்.எல்.லா, 6 எம்.எல்.லா? குழந்தை நல வெப்சைட்டுகளுக்கு ஒரு பரீட்சை!

சென்னை,

ராத்திரி 1 மணி. குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. பக்கத்துத் தெரு டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய் பல மணி நேரம் ஆகிறது. போன மாதம் வாங்கிய காய்ச்சல் சிரப் பாதி பாட்டில் மீதி இருக்கிறது. எவ்வளவு கொடுக்கச் சொன்னார்கள் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

முன்பு என்றால் மாமியாரை எழுப்பிக் கேட்டிருப்பார்கள். இப்போது செல்போனைத்தான் எடுக்கிறார்கள்.

அதில் வரும் வெப்சைட் சொல்வதை நம்பித்தான் மூடியில் மருந்து ஊற்றப்படுகிறது. அந்த வெப்சைட் ஒரு தாய்க்குப் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு பரீட்சை உண்டு. கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'யூசபிலிட்டி டெஸ்ட்' என்பார்கள். பெயர்தான் பெரிசு, விஷயம் சிம்பிள்.

பரீட்சை யாருக்கு?

பரீட்சை எழுதுவது தாய் அல்ல, வெப்சைட். இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பிறகு ஒரு வேலை கொடுக்கப்படும். "உங்கள் குழந்தை 10 கிலோ. கையில் இந்தப் பாட்டில். எத்தனை எம்.எல். கொடுக்கணும்? இந்த வெப்சைட்டில் பார்த்துச் சொல்லுங்க." அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. உதவி செய்யவும் கூடாது. விரல் எங்கே தயங்குகிறது, எந்த வார்த்தையில் முகம் சுருங்குகிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மனதில் ஓடுவதை அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தேட வேண்டும். "இது என்ன விளம்பரமா... மருந்து எங்க போட்டிருக்கு..." என்று அவர் முணுமுணுப்பதுதான் முக்கியமான சாட்சி. இந்த முறையை 1982-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த கிளேட்டன் லூயிஸ் எழுதி வைத்தார்.

ஆயிரம் பேர் தேவையா? தேவையே இல்லை. 5 பேரை உட்கார வைத்தாலே பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும் என்று 2000-ம் ஆண்டில் எழுதினார் ஜேக்கப் நீல்சன். அந்த 5 பேரும் ஆபீசில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. மார்க்கெட்டில் காய்கறி விற்பவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போன் பார்ப்பவர் என்று இருக்க வேண்டும். ஸ்கிரீனில் கீறல் விழுந்த பழைய போனாக இருந்தால் இன்னும் நல்லது.

'நல்லா இருக்கு சார்'

"வெப்சைட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்ம ஊரில் என்ன பதில் வரும்? "நல்லா இருக்கு சார்." கேட்டவர் மனசு நோகக் கூடாது என்று எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 10 கேள்வி கேட்டு 100-க்கு மார்க் போடும் ஒரு முறையும் இருக்கிறது. 1986-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் புரூக் உருவாக்கியது, இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் குழந்தை மருந்து விஷயத்தில் வெறும் மார்க்கை நம்பினால் ஆபத்து. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அளவைத் தப்பாக ஊற்றினால்?

அதனால் வாயால் பதில் சொல்லச் சொல்வதோடு விடக் கூடாது. பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, "ஊற்றிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். உண்மை மூடிக்குள் தெரிந்துவிடும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் 2 ஆயிரத்து 110 பெற்றோரை இப்படி அளந்து ஊற்றச் சொல்லிப் பார்த்தார்கள். முடிவு 2016-ம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்தது. ஒவ்வொருவரும் 9 தடவை ஊற்றியதில், 100-க்கு 84 பேர் ஒரு தடவையாவது அளவைத் தப்பவிட்டார்கள். 100-க்கு 21 பேர் இரண்டு மடங்குக்கும் மேல் ஊற்றினார்கள்! கப்பில் ஊற்றியபோதுதான் தப்பு அதிகம். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்தபோது தப்பு குறைந்தது.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல். பாரசிட்டமால் சிரப் ஒரே சைசில் வருவதில்லை. 5 எம்.எல்.லில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இதைவிட 'ஸ்ட்ராங்'. டாக்டர்கள் வழக்கமாகக் கணக்குப் போடுவது, ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 120 பாட்டிலில் 6 எம்.எல். என்றால் 144 மில்லிகிராம், சரி. 250 பாட்டிலில் அதே 6 எம்.எல். ஊற்றினால் 300 மில்லிகிராம். இரண்டு மடங்கு! திரும்பத் திரும்ப இப்படிக் கொடுத்தால் ஈரல் கெட்டுப் போகும்.

"6 எம்.எல். கொடுக்கவும்" என்று மொட்டையாகப் போட்டிருக்கும் வெப்சைட் இந்த இடத்திலேயே பெயில். பாட்டில் லேபிளில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினால்தான் பாஸ்.

டொராண்டோவில் இருந்து வரும் தமிழ்

குழந்தை நோய் பற்றித் தமிழில் தேடினால் கனடாவின் 'அபவுட் கிட்ஸ் ஹெல்த்' வெப்சைட்டும் கிடைக்கும். டொராண்டோவில் 1875-ல் தொடங்கிய 'சிக் கிட்ஸ்' குழந்தைகள் ஆஸ்பத்திரி நடத்துவது இது. கனடாக்காரர்கள் எதற்குத் தமிழில் போடுகிறார்கள்? 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஏராளமாக டொராண்டோவில் குடியேறினார்கள். அந்தத் தாய்மாருக்காகத்தான் தமிழ்ப் பக்கங்கள். நல்ல காரியம், டாக்டர்கள் பார்த்துச் சரி செய்த தகவல்கள்.

அதையே வியாசர்பாடியில் உட்கார்ந்து படித்தால்? முதல் தடுக்கல் மருந்தின் பெயர். கனடாவில் 'அசெட்டமினோஃபென்' என்பார்கள். 'டைலெனால்' என்ற பிராண்ட் அங்கே பிரபலம். நம்ம பாரசிட்டமாலும் அதுவும் ஒரே மருந்துதான். தெரியாதவர் அது வேறு, இது வேறு என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிட்டால் வம்பு.

அடுத்தது தெர்மாமீட்டர். கனடாவில் காய்ச்சல் என்றால் 38 டிகிரி, அது செல்சியஸ். இங்கே பலர் வீட்டு தெர்மாமீட்டர் பாரன்ஹீட்டில் 101 காட்டும். 38 எங்கே, 101 எங்கே? 38 என்பது இங்கே 100.4. அவசரத்துக்கு அங்கே 911, இங்கே 108. வெப்சைட் தப்பு இல்லை, அது வேறு ஊர் தாய்க்காக எழுதியது. அந்த ஊரில் பாஸ் ஆனது என்பதற்காக இந்த ஊரில் பரீட்சை வைக்காமல் விட முடியாது.

வார்த்தையும் இப்படித்தான் காலை வாரும். வெப்சைட்டில் 'வயிற்றுப்போக்கு' என்று இருக்கும். தாய் தேடுவதோ 'பேதி', 'லூஸ் மோஷன்', 'வயித்தால போகுது'. சிலர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார்கள், சிலர் மைக்கை அமுக்கிப் பேசுவார்கள். எப்படித் தேடினாலும் பக்கம் வர வேண்டும். 'நீரிழப்பு' என்று எழுதினால் எத்தனை பேருக்குப் புரியும்? நாக்கு வறண்டிருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, ஒன்றுக்குப் போய் எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

தேதி எங்கே?

பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கிறதா என்பதும் பரீட்சையில் ஒரு கேள்வி. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப் குடித்த மத்திய பிரதேசக் குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது நாட்டையே உலுக்கியது. 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று அந்த மாதமே மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அதற்கு முன்பு எழுதிய பக்கத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில வெப்சைட்டுகளில் 'ஹான் கோட்' என்ற முத்திரை தெரியும். ஜெனிவாவில் இருந்த ஓர் அமைப்பு மருத்துவ வெப்சைட்டுகளுக்குக் கொடுத்த நற்சான்று அது. அந்த அமைப்பு 2022-லேயே மூடப்பட்டுவிட்டது. முத்திரையைப் பார்த்து இன்றைக்கும் யாரோ மேற்பார்வை பார்க்கிறார்கள் என்று நம்ப வேண்டாம்.

கடைசிச் சோதனையில்தான் பல வெப்சைட்டுகள் மண்ணைக் கவ்வும். குழந்தைக்கு வலிப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, 3 மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு வெப்சைட்டில் நேரம் கடத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது பக்கத்தின் தலையிலேயே, விளம்பரத்துக்கும் மேலே, கொட்டை எழுத்தில் இருக்கிறதா? இல்லை, பத்துப் பாரா தாண்டி அடியில் ஒளிந்திருக்கிறதா? போனைக் கையில் கொடுத்து 10 விநாடி கழித்து வாங்கிக்கொண்டு, "எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு போட்டிருந்துச்சு?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனை கேட்க 104. நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.