முட்டியின் முன்பக்கம் வலியா? விரல் வைத்துக் காட்டுங்கள்!

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசைப் பக்கம் கார், பிசானம் என எந்தப் பட்டமானாலும், குத்தவைத்துக் களை பறிப்பதும் வரப்பில் ஏறி இறங்குவதும் தப்பாது. பாரமெல்லாம் முட்டியில்தான். முன்பக்கம் வலி வந்ததும் ‘தேய்மானம்’ என்று முடிவுகட்டி, கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள் பலர். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

வலிக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். குத்தவைக்கும்போதும் படி இறங்கும்போதும் முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால், சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. தொடைத் தசை பலவீனமும் அதற்கு ஒரு காரணம். சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில் வலித்தால் தசைநாண் பாதிப்பாக இருக்கலாம். மண்டியிட்டு வேலை செய்பவருக்குச் சில்லின் மேல் மெத்தென்று வீங்கினால் நீர்ப்பை அழற்சி. வயதானவர்களுக்குக் காலையில் சிறிது நேரம் விறைப்பும் இருந்தால் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம்.

மருத்துவரிடம் வலிக்கும் இடம், எந்த வேலையில் வலிக்கிறது, எத்தனை நாளாக என்ற மூன்றையும் சொல்லுங்கள். அவர் இரு முட்டிகளையும் ஒப்பிட்டு, இடுப்பையும் அசைத்துப் பார்ப்பார். இடுப்புக் கோளாறும் முட்டியில் வலிக்கும். எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை.

சில்லு வலிக்கு முக்கிய மருந்து உடற்பயிற்சி. படுத்து, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டியபடி ஓரடி உயர்த்தி 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்கு 10 முறை. பலன் தெரிய 6 வாரமாவது ஆகும். களை பறிக்கச் சிறு முக்காலி உதவும்.

காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கினாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.